கத்தரிக்காயும் க்யூபிஸமும்

சொந்த ஃபிளாட் வாங்கிக் குடிபோன மூன்றாவது மாதம் ஆண்களுக்கு ஒரு வியாதி வரும். ஹாலில் சோபாவுக்கு மேலே இருக்கிற வெற்றுச் சுவர் கண்ணை உறுத்த ஆரம்பிக்கும். வாடகை வீட்டில் பத்து வருஷம் உறுத்தாத சுவர், வங்கிக்குத் தவணை கட்ட ஆரம்பித்ததும் உறுத்துகிறது. 'மாதா மாதம் இவ்வளவு கட்டுகிறோம், அந்த இடம் சும்மா இருக்கலாமா?' என்கிற கணக்கு.

முன்பெல்லாம் இதற்கு மருந்து சுலபம். ஜவுளிக்கடை காலண்டர் ஒன்று, கல்யாண போட்டோ ஒன்று, நீர்வீழ்ச்சி ஓரம் மான் தண்ணீர் குடிக்கிற சீனரி ஒன்று. முடிந்தது. இப்போது அப்படியில்லை. வருகிற விருந்தாளி சுவரைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷமாவது பேச்சு வராமல் நிற்க வேண்டுமாம்.

வாயடைக்க வைப்பதில் க்யூபிஸத்தை மிஞ்ச ஆளில்லை. ஒரு கிடார், ஒரு பாட்டில், ஒரு கிளாஸ், ஒரு செய்தித்தாள்... எல்லாவற்றையும் மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிக் கேன்வாஸில் கொட்டினது மாதிரி இருக்கும். மேஜை மேல் இருக்கிற சாமான்களை வரைவதற்கு 'ஸ்டில் லைஃப்' என்று பெயர். பிக்காஸோ, பிராக், ஹுவான் கிரிஸ் ஆகியோர் வரைந்த ஸ்டில் லைஃப்களை அக்ரிலிக் பெயின்ட்டில் பிரதி எடுத்து வீட்டுக்கே அனுப்பி வைக்கிறார்கள். சோபாவின் கலரைச் சொன்னால் அதற்கு மேட்ச்சாகவும் போட்டுத் தருவார்கள்.

என்னோடு பி.காம். படித்த நண்பன் அப்படி ஒன்று வாங்கினான். நான்கடிக்கு மூன்றடி. 18,000 ரூபாய். 'கேன்வாஸில் அக்ரிலிக், கைவேலை' என்று பில்லில் போட்டிருந்தது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நாட்டில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நான் அதைக் கெடுப்பதில்லை.

படத்துக்கு முன்னால் அவன் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வாப்பா. நீயே பாரு. பிரம்பு நாற்காலிப் பின்னல் தெரியுது. நாற்காலியைக் காணோம். மத்ததெல்லாம் பிஞ்சு பிஞ்சு கெடக்கு. அனுப்பறப்ப உடைஞ்சிருக்கும். மாத்திக் குடுங்கன்னு கேக்கச் சொன்னா இவன் சிரிக்கறான்."

"உடையலைம்மா. வரைஞ்சதே அப்படித்தான்" என்றேன்.

"எதுக்கு?"

நல்ல கேள்வி. தடிதடியாகப் புத்தகம் எழுதியவர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் விளக்கினேன்.

"மார்க்கெட்ல கத்தரிக்காய் எப்படிம்மா வாங்குவீங்க? ஒரு பக்கம் பார்த்துட்டுக் கூடையில போட்டுடுவீங்களா?"

"அதெப்படி? திருப்பிப் பார்ப்பேன். காம்பைப் பார்ப்பேன். பின்பக்கம் ஓட்டை இருக்கான்னு பார்ப்பேன்."

"அதேதான். நீங்க திருப்பித் திருப்பிப் பார்த்த அத்தனை பக்கத்தையும் ஒரே படத்துல, ஒரே சமயத்துல வரைஞ்சா அது க்யூபிஸம். மத்த ஓவியர்கள் ஒரு பக்கம் நின்னு பார்த்து வரைவாங்க. இவங்க கத்தரிக்காயைச் சுத்தி வந்து வரைவாங்க."

அம்மா படத்தை மறுபடி பார்த்தார். முகத்தில் மரியாதை கொஞ்சம் கூடியிருந்தது. பிறகு மகன் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். இந்த வாரக் கட்டுரையே அந்தக் கேள்வியால்தான்.

"சரி, இவன் வாங்கினது நல்ல காயா, சொத்தையா?"

*

சொத்தையா என்று பார்ப்பதற்கு முன்னால் செடியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1908-ல் ஜார்ஜ் பிராக் பாரிஸில் வைத்த கண்காட்சியைப் பார்த்துவிட்டு, வாக்ஸெல் என்கிற விமரிசகர் 'எல்லாவற்றையும் கட்டி கட்டியாக ஆக்கிவிட்டார்' என்கிற ரீதியில் கிண்டலாக எழுதினார். கிண்டலே பெயராக நிலைத்துவிட்டது. கல்லூரியில் வைத்த பட்டப்பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்வது மாதிரி.

பிராக் சாதாரண ஆளில்லை. அப்பாவும் தாத்தாவும் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற தொழில். இவரும் அதைக் கற்றவர். சாதாரணப் பலகையின் மேல் பெயின்ட்டைப் பூசி, சீப்பால் இழுத்து, தேக்கு மாதிரி ரேகை வரவழைக்கிற வித்தை தெரியும். சுவரைப் பளிங்கு மாதிரி காட்டத் தெரியும். அதாவது போலி செய்யத் தெரியும். அந்தச் சீப்பு வித்தையைப் பிக்காஸோவுக்கும் சொல்லிக் கொடுத்தார். 1912-ல் அவின்யோன் நகரத்துக் கடையொன்றில் மரம் மாதிரி அச்சடித்த சுவர்க் காகிதம் ஒரு சுருள் வாங்கி, வெட்டி, படத்தில் அப்படியே ஒட்டினார்.

பிக்காஸோ அதே வருஷம் அதற்கும் முந்திக்கொண்டார். நண்பன் வாங்கிய படத்தின் அசல் அதுதான். நீள்வட்டக் கேன்வாஸ். சுற்றிலும் ஃபிரேமுக்குப் பதில் கயிறு. உள்ளே ஒரு கிளாஸ், பைப், எலுமிச்சைத் துண்டு, செய்தித்தாளின் பெயரில் முதல் மூன்று எழுத்து. அப்புறம் அந்தப் பிரம்புப் பின்னல். அவர் பின்னலை வரையவில்லை. பிரம்புப் பின்னல் மாதிரி அச்சடித்த மேஜை விரிப்புத் துணியை ஒட்டிவிட்டார். சாப்பாட்டு மேஜையில் நாம் போடுகிறோமே பூப்போட்ட ரெக்ஸின், அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். பாரிஸில் பிக்காஸோ மியூசியத்தில் இருக்கிறது.

ஆக, கோடிக்கணக்கில் மதிப்புள்ள அசலுக்கு நடுவிலேயே ஒரு போலி உட்கார்ந்திருக்கிறது. இதற்கு நாம் பிரதி வாங்குகிறோம் என்றால் என்ன அர்த்தம்? இயந்திரத்தில் அச்சடித்த போலிப் பிரம்பை ஒரு மனிதன் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு மெனக்கெட்டு ஒவ்வொரு பின்னலாக வரைய வேண்டும். போலிக்கு அசலான உழைப்பு. பிக்காஸோ பார்த்தால் சிரித்திருப்பார்.

*

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்காது. இந்தக் கூத்தில் பணம் போட்டது யார் என்று பார்த்தேன்.

கான்வைலர் என்று ஒரு ஜெர்மன் இளைஞர். குடும்பம் பணம் காசு புரளும் குடும்பம். பங்கு புரோக்கர் ஆபீசில் வேலை பழகியவர். நம் ஜாதி! 1907-ல், 22 வயதில், ஓவியக்கடை வைக்கிறேன் என்றார். உறவினர்கள் 25,000 ஃபிராங்க் கொடுத்து, 'ஒரு வருஷம் பார், இல்லாவிட்டால் திரும்பி வா' என்று கெடு வைத்தார்கள். 1912-ல் பிராக்கோடும் பிக்காஸோவோடும் ஒப்பந்தம் போட்டார். எப்படித் தெரியுமா? கேன்வாஸ் சைஸுக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல். ஏறக்குறையச் சதுர அடிக் கணக்கு!

1914-ல் உலகப்போர் வந்தது. ஜெர்மன்காரன் சொத்து எதிரி சொத்து என்று பிரெஞ்சு அரசாங்கம் கடைச்சரக்கு முழுவதையும் பறிமுதல் செய்தது. 1921-லிருந்து 1923 வரைக்கும் நான்கு தவணையாக ஏலம். அத்தனை படங்களும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்தால் என்ன ஆகும்? தக்காளி விளைச்சல் அதிகமானால் ஆகிறதே, அதுதான் ஆயிற்று. அடிமாட்டு விலை. முதல் ஏலத்தன்று, இந்த விற்பனைக்குத் துணைபோன ரோஸென்பெர்க் என்கிற வியாபாரியை பிராக் அங்கேயே அடித்துவிட்டார். பிராக் குத்துச்சண்டை பழகியவர்.

அதே கும்பலில் இருந்த ஹுவான் கிரிஸ் 40 வயதில், 1927-ல் இறந்துபோனார். காசுக்கு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1915-ல் அவர் வரைந்த கட்டம்போட்ட மேஜை விரிப்புப் படம் 2014-ல் லண்டனில் ஏலம் போனது. 3 கோடியே 48 லட்சம் பவுண்ட்! இப்போது நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் மாட்டியிருக்கிறது. விரிப்பு, திராட்சை, பாட்டில், காப்பிக் கோப்பை. வரைந்தவருக்கு இந்தப் பணத்தில் ஒரு கோப்பைக் காப்பிகூட இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், பிரதி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அசலை நம்மால் வாங்க முடியாது. வரைந்தவராலேயே வாங்க முடியாது. ஆனால் பிரதி என்று தெரிந்து, எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

*

இனி காயைத் திருப்புவோம்.

முதல் விஷயம், 'அக்ரிலிக்' என்கிற வார்த்தையை நம்பாதீர்கள். அதற்குள் மூன்று ஆசாமிகள் ஒளிந்திருக்கிறார்கள். ஒருவர், அக்ரிலிக் பெயின்ட்டால் கையால் வரைந்த படம். இரண்டாமவர், போட்டோ பிரின்ட்டை கண்ணாடி மாதிரி அக்ரிலிக் ஷீட்டுக்குப் பின்னால் ஒட்டினது. மூன்றாமவர்தான் வில்லன். கேன்வாஸில் பிரின்ட் எடுத்து, அதன் மேல் நிறமில்லாத ஜெல்லைப் பிரஷ்ஷால் தடவி, பிரஷ் இழுத்த மேடு பள்ளம் வருகிற மாதிரி செய்தது. விரலால் தடவினால் கைவேலை மாதிரியே இருக்கும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரு பூதக்கண்ணாடி, இல்லாவிட்டால் மொபைல் காமிராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். பிரின்ட் என்றால் பொடிப் பொடியாகப் புள்ளிகள் தெரியும். அப்புறம் ஹால் லைட்டை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். கையால் வரைந்ததென்றால் நிறம் எந்தப் பக்கம் போகிறதோ பிரஷ் மேடும் அந்தப் பக்கம் போகும். ஜெல் ஆசாமி என்றால் பாட்டில் நெட்டுக்குத்தலாக நிற்க, மேடு மட்டும் குறுக்கே போய்க்கொண்டிருக்கும்.

நண்பன் வீட்டில் டார்ச் அடித்தோம். மேடு குறுக்கே போயிற்று. காமிராவில் புள்ளிகள் எறும்புச் சாரையாக நின்றன. நண்பன் உடனே கடைக்குப் போன் போட்டான்.

"கைவேலைன்னு பில்லுல போட்டிருக்கீங்க?"

"ஆமா சார். ஜெல்லைக் கையாலதானே தடவினோம்?"

நண்பன் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. 'நானா இருந்தா காம்பைப் பார்த்திருப்பேன்' என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

இரண்டாவது விஷயம் சைஸ். அந்தப் பிக்காஸோ படத்தின் அசல் 29 சென்டிமீட்டருக்கு 37 சென்டிமீட்டர். ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். சதுர அடிக் கணக்கில் ஒன்றேகால்கூட வராது. நண்பன் வீட்டுப் படம் 12 சதுர அடி. பத்து மடங்குக்கு மேல் ஊதியிருக்கிறார்கள். சிட்டிகை உப்பு போட வேண்டிய இடத்தில் கைப்பிடி போட்ட மாதிரி. வாங்குவதற்கு முன் அசலின் அளவைத் தேடிப் பாருங்கள். மியூசியங்களின் இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். நிறத்தையும் பாருங்கள். 1910, 1911 வாக்கில் பிராக்கும் பிக்காஸோவும் வரைந்தவை பெரும்பாலும் பழுப்பும் சாம்பலும்தான். அது நீல சோபாவுக்கு மேட்ச்சாக நீலத்தில் வருகிறது என்றால், அது பிராக் இல்லை, பெட்ஷீட்.

மூன்றாவது, சட்டம். நம் நாட்டுச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்புரிமை உண்டு. கிரிஸ் 1927-லேயே போய்விட்டார், பிரச்னை இல்லை. பிராக் இறந்தது 1963-ல், 2023-ஓடு கெடு முடிந்தது. பிக்காஸோ 1973-ல் இறந்தார். ஆகவே 2033 முடிகிற வரை அவர் படத்தைப் பிரதி எடுத்து விற்கிறவர் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். முகம் க்யூபிஸமாக மாறும்.

நான்காவது, கையெழுத்து. 1908-க்குப் பிறகு சில வருஷங்கள் பிராக்கும் பிக்காஸோவும் நிறையப் படங்களில் முன்பக்கம் கையெழுத்தே போடவில்லை. பின்பக்கம் போட்டார்கள். எது யார் படம் என்று பார்த்தவுடன் சொல்வது சிரமம். அசலில் முன்பக்கம் இல்லாத கையெழுத்து உங்கள் பிரதியில் கொட்டை எழுத்தில் இருந்தால் உஷார். பாரிஸ் லூவர் மியூசியத்தில் உட்கார்ந்து பிரதி எடுப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டு உண்டு. ஆனால் இரண்டு கண்டிஷன்: அசலை விட ஐந்தில் ஒரு பங்காவது சின்னதாகவோ பெரிதாகவோ வரைய வேண்டும். ஓவியரின் கையெழுத்தைக் காப்பி அடிக்கக்கூடாது. பிரதி என்பது வேறு, மோசடி என்பது வேறு. நடுவில் இருப்பது அந்தக் கையெழுத்துதான்.

*

இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகு எனக்கே ஆசை வந்துவிட்டது. கிரிஸ்ஸின் மேஜை விரிப்புப் படத்தைக் கையால் வரைந்து தர ஆள் தேடினேன். சீனாவில் ஷென்ழென் நகரத்தில் டாஃபென் என்று ஒரு பேட்டை இருக்கிறது. 1989-ல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஹுவாங் ஜியாங் என்பவர் ஆரம்பித்து வைத்து, ஆயிரக்கணக்கான பேர் பிரதி வரைவதையே பிழைப்பாகக் கொண்ட இடம். அவ்வளவு தூரம் போவானேன் என்று சென்னையிலேயே விசாரித்ததில் ஒரு பெரியவர் அகப்பட்டார். வயது அறுபதுக்கு மேல். ஒரு காலத்தில் சினிமா பேனர் வரைந்தவர். முப்பதடி உயரத்துக்குக் கதாநாயகனின் மூக்கை மட்டும் ஒரு நாள் பூராவும் வரைந்த கை. ஃப்ளெக்ஸ் பேனர் வந்ததும் அந்தக் கைக்கு வேலையில்லாமல் போயிற்று. பள்ளிக்கூடச் சுவர், கடை ஷட்டர் என்று ஓட்டிக்கொண்டிருந்தார்.

படத்தைக் காட்டி, "இது க்யூபிஸம் ஐயா, எல்லாம் கட்டம் கட்டமா இருக்கும்" என்றேன்.

"கட்டமா? நாங்க எல்லா நடிகரையும் கட்டம் போட்டுத்தான் சார் வரைஞ்சோம்" என்றார்.

36 அங்குலத்துக்கு 27½ அங்குலம் என்று பேசினோம். அசலை விட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சின்னது. லூவர்க்காரர்கள் ஆட்சேபிக்க முடியாது. "ஏழு சதுர அடி" என்று மனசுக்குள்ளேயே பெருக்கி ரேட் சொன்னார். கான்வைலர் நினைவுக்கு வந்தார். பேரம் பேசவில்லை.

ஒன்பது நாள் வரைந்தார். இடையில் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். எண்ணெய் வர்ணம் காய நாள் கணக்காகும், அக்ரிலிக் நிமிஷத்தில் காய்ந்துவிடும். கிரிஸ் காலத்தில் இந்தப் பெயின்ட்டே கிடையாது. அவர் சாவதானமாக இழைத்த இடத்தில் இவர் அவசரமாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வேலை செய்ய வேண்டியிருந்தது. காய்ந்ததும் நிறம் ஒரு படி கறுக்கும். அதற்காக ஒவ்வொரு கலவையையும் ஒரு படி வெளுப்பாகவே கலந்தார். "கணக்கு தப்பினா கோப்பை ராத்திரி ஆயிடும் சார்" என்றார்.

ஒன்பதாம் நாள் படத்தைச் சுவரில் சாத்திவிட்டு ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றார். பேனர்காரர்களின் பழக்கம். கிட்டே வரைவார்கள், எட்டப் போய்ப் பார்ப்பார்கள். அங்கிருந்து என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

"சார், இதுல ஒரு காளை மாடு இருக்கு."

"எங்கே?"

"மொத்தமும் காளைத் தலை சார். கீழே அந்தக் காப்பிக் கோப்பை இருக்கு பாருங்க, அதுதான் மூஞ்சி."

பார்த்தேன். காளை என்னைப் பார்த்தது. வீட்டுக்கு வந்து மெட்ரோபாலிட்டன் மியூசியத்தின் குறிப்பைத் தேடினால் அவர்களும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். கிரிஸ் பிறந்தது மாட்ரிட்டில். சாப்பாட்டு மேஜைக்குள் தன் ஊர்க் காளையை ஒளித்து வைத்திருக்கிறார். பெரியவர் அந்தக் குறிப்பைப் படித்தவரில்லை. ஒன்பது நாள் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவ்வளவுதான். ஜெல் தடவுகிறவருக்குக் காளை தெரியாது. பிரின்ட்டருக்கும் தெரியாது. கைவேலைக்குக் கொடுக்கிற காசு இந்தப் பார்வைக்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"கையெழுத்துப் போடுங்கய்யா" என்றேன்.

"நான் எப்படி சார் போடறது? படம் அவரோடதாச்சே. பேனர்லயே கம்பெனி பேருதான் போடுவாங்க. என் பேரு எங்கயும் போட்டதில்ல."

கேன்வாஸைத் திருப்பி வைத்தேன். "பின்பக்கம் போடுங்க. பிக்காஸோவே அங்கதான் போட்டாரு."

யோசித்தார். சின்ன பிரஷ்ஷை எடுத்து, 'ஹுவான் கிரிஸ், 1915 - பிரதி' என்று முதல் வரி. அதற்குக் கீழே தன் பெயர், அன்றைய தேதி. காய்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அக்ரிலிக், சீக்கிரம் காய்ந்துவிட்டது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

நீங்களும் வாங்குங்கள். வெயில் நேராக விழாத சுவரில் மாட்டுங்கள், அடுப்படிப் பக்கம் வேண்டாம். ஈரத்துணி போட்டுத் துடைக்காதீர்கள், மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டினால் போதும். விருந்தாளி யாராவது "ஒரிஜினலா சார்?" என்று கேட்டால் வாயால் பதில் சொல்லாதீர்கள். படத்தைக் கழற்றித் திருப்பிக் காட்டுங்கள்.